ஆற்று மணலும் சேம அச்சும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வண்டிப்பாதைகள் தொடங்கிவிடும். இப்பக்கத்தில் 'காடு' என்பது மரமடர்ந்த வனமன்று; மானாவாரி நிலத்தையே காடு என்பர். சீமைக் கருவேலம் இருபுறமும் நெருக்கும் அக்காட்டுப் பாதைகளுள் சில குண்டாற்று மணலில் போய் முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலருடன் திருச்சுழிக்குச் சென்றிருந்தோம். சுந்தரர் பாடிய தலம். 1879இல் ரமண மகரிஷி பிறந்த ஊர். பூமிநாதரை வணங்கிவிட்டு வாடகை ஜீப்பில் திரும்புகையில், குறுக்குவழி என நம்பி வறண்ட ஆற்றில் இறங்கினோம். நடு ஆற்றில் வண்டி நின்றது. ஓட்டுநர் விசையைக் கூட்டக் கூட்டச் சக்கரங்கள் தமக்குத் தாமே குழி தோண்டின. அச்சு மணலில் அமர்ந்துவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, மொதல்ல எல்லாரும் எறங்குங்க. டயர்ல காத்தைப் பாதியா எறக்கி விடுங்க" என்றார். மாணவர் ஒருவர் கருவேலங்கிளையை ஒடிக்கப் போக, "முள்ளு குத்திப்புடும்" என்று தடுத்து, காய்ந்த பனையோலைகளைச் சக்கரத்தின் முன் பரப்பச் செய்தார். தள்ளினோம், வண்டி கரையேறியது.

அதன் பின்னரே புறநானூறு நினைவுக்கு வந்தது. (தமிழாசிரியர்க்கு எப்போதும் இப்படித்தான்!) அச்சு தட்டி ஆழ்ந்துவிட்ட பாரவண்டியை, மணல் பரக்கவும் கல் பிளக்கவும் நடந்து இழுத்து மீட்கும் எருதாக அதியமானைக் காண்கிறார் ஒளவையார் (90). அவன் மகன் பொகுட்டெழினியையோ, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று உமணர் வண்டிக்கடியில் கட்டிவைக்கும் சேம அச்சாகக் காண்கிறார் (102). தந்தை இழுக்கும் வலிமை. மகன் இடருக்கு உதவும் காப்பு. தொண்டைமான் இளந்திரையன் தன் பாடலில் (185) மூன்றாவதைச் சொல்கிறான்: அரசு ஒரு வண்டி, தேர்ந்தவன் செலுத்தினால் இனிது செல்லும், தேராதவன் செலுத்தினால் பகையெனும் சேற்றில் அழுந்தும். அவனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியின் எருதுகளை ஓட்டுபவள் கைக்குழந்தையுடைய ஒரு பெண் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

1920களின் பிற்பகுதியில், எகிப்தின் மேற்கில் விரியும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் கடக்க முனைந்த ஆங்கிலப் படை அதிகாரி ரால்ஃப் பாக்னால்டும் இப்பாடத்தையே கற்றார். காற்றைக் குறைத்தால் டயர் அகன்று படியும், பாரம் பரவும், மணல் தாங்கும். புதைந்த சக்கரத்தின் கீழ் அவர் உலோகத் தகடுகளை இட்டார். நம் பெரியவர் பனையோலை இட்டார். பாக்னால்டு 1941இல் மணலின் இயக்கம் பற்றி நூலே எழுதினார். பெரியவரின் அறிவை எழுதிவைப்பார் இல்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. பல்லாண்டுகள் 102ஆம் பாடலை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். 'சேம அச்சு: மாற்று அச்சு' என்று பொருள் சொல்லி, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஆயத்தம் செய்ததோடு சரி. நடுவழியில் அச்சு முறிந்தால் உமணனின் உப்பு மட்டுமன்று, வண்டியோட்டும் மனைவியும் கைக்குழந்தையும் வெயிலில் நிற்க வேண்டிவரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மாட்டு வண்டிகள் அருகிவிட்டன. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி என்னும் சொற்களைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். ஊருக்குச் செல்லும் அன்பர்கள் அவர்களிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.