ராகலை மேடையில் பேஸ் கிற்றார்

1951இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த பேஸ் கிற்றார், இளையராஜாவின் இசையில் சசிதரனின் விரல்கள் வழியே நமக்குப் பழக்கமாயிற்று. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா'வை, ராகலைப் பக்கத்துத் தோட்டத் திருவிழாக்களில் இசைக்குழுக்கள் வாசிக்கப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

லயத்துச் சனங்களுக்கு அப்பாடல் சிறிய வானொலிப் பெட்டி வழியாகவே அறிமுகம். பேஸின் தடித்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிரும். அந்த அடியொலியைச் சிறிய பெட்டி எழுப்பாது. உடன் எழும் மேலொலிகளைக் கொண்டே காது அதனை ஊகித்துக்கொள்ளும். இதை உணராது மேடையில் அடியொலியை முழுவதும் ஏற்றியவர்களின் வாசிப்பு இரைச்சலாயிற்று. (சத்தமே இசை என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை!) நடுவொலியைச் சற்று உயர்த்தி, ட்ரெபிளைத் தணித்து, கிற்றாரின் கழுத்தோரம் மீட்டியவர்களிடமே சனங்கள் அறிந்த 'இளைய நிலா' பிறந்தது.