வகையீட்டுச் சுற்றைக் கெடுப்பது இரைச்சலா? டொரொண்டோ பாடநூலின் ஒரு பத்தி

டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் அடெல் செட்ராவும் கென்னத் ஸ்மித்தும் எழுதிய 'மைக்ரோ எலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ்' 1982இல் முதற்பதிப்பு கண்டது. ஆப்-ஆம்ப் வகையீட்டுச் சுற்றை நடைமுறையில் ஏன் தவிர்க்கிறார்கள் என்பதற்கு அதன் பிந்தைய பதிப்புகள் இரண்டு காரணங்கள் சொல்கின்றன. ஒன்று, இரைச்சலை அது பெருக்கிவிடும். மற்றொன்று, நிலைப்புச் சிக்கல். முன்னதற்கு விளக்கம் உண்டு. பின்னதற்குப் பின்னூட்ட அத்தியாயத்தைக் கைகாட்டிவிட்டு நூல் நகர்ந்துவிடுகிறது. இந்தப் பத்தியை வழிவழியாக விளக்கிவந்தவர்கள் இரைச்சலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாசிப்பு தலைகீழானது என்றே தோன்றுகிறது.

சான்று அதே நூலின் பயிற்சிக் கணக்கில் இருக்கிறது. மின்தேக்கி 10 நானோ ஃபாரட், பின்னூட்ட மின்தடை 1 மெகா ஓம். நேர மாறிலி 10 மில்லி செகண்ட். இதில் 741 என்ற ஆப்-ஆம்ப்பைப் பொருத்துவோம். அதன் பெருக்கம் 1 மெகா ஹெர்ட்ஸில் ஒன்றாகச் சுருங்கும். பெருக்கியே 90 பாகை பின்தங்குகிறது. பின்னூட்டப் பாதை ஏறத்தாழ இன்னொரு 90 பாகையைச் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்த மொத்தப் பெருக்கம் ஒன்றாகும் 4 கிலோ ஹெர்ட்ஸ் அருகே எஞ்சும் கட்ட விளிம்பு கால் பாகைகூட இல்லை. தரக்காரணி சுமார் 250.

உச்சிக்கு உச்சி 0.5 வோல்ட் கொண்ட 100 ஹெர்ட்ஸ் முக்கோண அலையைக் கொடுத்தால் 1 வோல்ட் வீச்சுள்ள சதுர அலை வரவேண்டும். வருவதோ ஒவ்வொரு திருப்பத்திலும் கிளம்பும் 4 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வு. அது மூன்றில் ஒரு பங்காகத் தேயவே 20 மில்லி செகண்ட் பிடிக்கும். அடுத்த திருப்பமோ 5 மில்லி செகண்டில் வந்துவிடுகிறது. ஆஸிலோஸ்கோப்பில் இந்த அதிர்வு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். இரைச்சல் அப்படி நிற்காது.

கணக்கு அடுத்துக் கேட்பது, உயர் அதிர்வெண் பெருக்கத்தை 100க்குள் அடக்கும் தொடர் மின்தடையை. விடை 10 கிலோ ஓம். பெருக்கத்தை அடக்குவதாகச் சொல்லி வைத்த இந்த மின்தடை உண்மையில் கட்ட விளிம்பை 80 பாகைக்கு மேல் உயர்த்திவிடுகிறது. இரைச்சலை மட்டுமே பேசும் விளக்கத்தில் இதற்கு இடமே இல்லை.

வேகமான ஆப்-ஆம்ப் போட்டால் தீராதா என்பார்கள். தீராது. பெருக்கியின் அதிர்வெண் எல்லை பத்து மடங்கானால் தரக்காரணி 790ஐத் தாண்டும். ஸ்லூ ரேட்டைக் குற்றம் சொல்லவும் வழியில்லை: 4 கிலோ ஹெர்ட்ஸில் 1 வோல்ட் வீச்சுக்கு மைக்ரோ செகண்டுக்கு 0.025 வோல்ட் போதும்; 741 தருவது 0.5.

தொகையீட்டுச் சுற்றுக்கு இந்த நோய் இல்லை. உயர் அதிர்வெண்ணில் மின்தேக்கியே பின்னூட்டத்தை முழுதாகத் தந்துவிடும். அதன் தொல்லை நேர்மின்னோட்டப் பக்கம். 10 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் சுற்றில் 1 மில்லி வோல்ட் ஆஃப்செட் இருந்தாலே வெளியீடு செகண்டுக்கு 10 வோல்ட் வீதம் ஏறி, ஒன்றரை செகண்டுக்குள் 13 வோல்ட் எல்லையில் முட்டும். மின்தேக்கியின் குறுக்கே 1 மெகா ஓம் வைத்தால் அந்த ஏற்றம் 0.1 வோல்ட்டில் அடங்கும்.

வகையீட்டுச் சுற்றின் கட்ட விளிம்பு, 741க்கு ஒரே துருவம் என்று கொண்ட கணக்கு. நிஜச் சில்லில் இரண்டாம் துருவம் விளிம்பை இன்னும் கொஞ்சம் தின்னும். தொடர் மின்தடைக்கும் விலை உண்டு. வகையீட்டின் கட்டப்பிழை 100 ஹெர்ட்ஸில் 3.6 பாகை, 1 கிலோ ஹெர்ட்ஸில் 32 பாகை. ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும் சைகைகளுக்கு இந்தச் சுற்றைத் துணிந்து பயன்படுத்தலாம்; கிலோ ஹெர்ட்ஸை எட்டுபவற்றுக்கு வேறு சுற்றுதான் தேட வேண்டும்.