சிதம்பரம் வட்டாரத்தில் பால்வாடியும் தாய்மாரின் வேலை நேரமும்

ஊரில் எல்லோரும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி மையம், கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியான சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வட்டங்களில் கூலிக்குப் போகும் தாய்மாருக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் முதன்மையான பிள்ளைப் பராமரிப்பு இடம். ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் அதை நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் டீச்சர், ஆயா. இரண்டு வயது கடந்த பிள்ளைகள் அங்கே பாட்டும் கதையும் கேட்டு, மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு வீடு திரும்புகிறார்கள்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, வீராணம் ஏரித் தண்ணீரை நம்பிய நெல்வயல்கள் நிறைந்த வட்டாரம் இது. நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. நடவுக்கு ஆள் சேர்ந்தால் விடிந்ததும் வயலில் இறங்கவேண்டும். கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கு நாள் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பால்வாடிக் கதவு அந்த நேரத்தில் திறந்திருப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பாட்டியும் நடவுக்குப் போகிறவர் என்றால் அக்காவிடம் இருக்கும். கைப்பிள்ளை என்றால் வரப்போரத்து மரக்கிளையில் சேலையால் கட்டிய தூளியில் கிடக்கும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் பத்து வயதுப் பெண்ணின் படிப்புதான் இந்த ஏற்பாட்டின் விலை. இதைக் குடும்பத்தின் குற்றமாகச் சொல்வது நியாயமாகாது. பிள்ளையை விட்டுச் செல்ல வேறு இடம் இல்லாததே காரணம்.

இந்த நேர இடைவெளிக்கு வேர் பால்வாடித் திட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து நடுவண் அரசுக்கு 1972இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் மினா சுவாமிநாதன். அந்த அறிக்கைக்குப் பின் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பசியையும் ஊட்டக்குறைவையும் எதிர்த்து எழுந்த ஏற்பாடுகள் இவை. அந்த வேலையைப் பெருமளவு செய்தும் காட்டின. தாய் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள் என்ற கேள்வியை மட்டும் யாரும் மையத்தில் வைக்கவில்லை. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. பகல் முழுதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை.

சட்டங்கள் மாதச் சம்பளக்காரப் பெண்ணைத்தான் முதலில் கண்டுகொண்டன. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது தொழிற்சாலைச் சட்டம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை செய்யவும் வழி செய்தது. தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. நடவுக்காரிக்கு இவற்றில் எதுவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் ஊட்டப்பொருளும் வருகின்றன. நல்ல உதவிதான், பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது அது தீர்ந்திருக்கும்.

விதிவிலக்காக வந்தது நூறு நாள் வேலை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் முதலில் நடைமுறைக்கு வந்த 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. வேலைத்தளத்துக்கு வரும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, மண் வெட்டுகிறவர்களுக்குத் தரும் அதே கூலியை அவருக்கும் தரவேண்டும் என்றது அச்சட்டம். பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய உழைப்பு என்று வெளிப்படையாகச் சொன்ன அரிய விதி அது. எத்தனை முறை மீறப்பட்டாலும் அதன் பெருமை குறையாது.

நெகிழ்வான வேலை நேரம் என்பது கணினியில் வேலை செய்கிறவருக்கு ஒன்று, இங்கே வேறொன்று. நாற்று பறித்த பின் நடவு காத்திருக்காது. வீட்டிலேயே செய்யும் வேலை என்றால் பூக்கட்டுதல், மாவட்டத்தின் வடக்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தல். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். தவழும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல அது. தாய் வீட்டில் இருந்தாலும் பிள்ளைக்கு வேறொரு கை தேவைப்படுகிறது.

அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் பால்னா திட்டத்தை நடுவண் அரசு 2022இல் கொண்டுவந்தது. ஆறு மாதக் குழந்தை முதல் அதில் இடமுண்டு. ஆனால் கூடுதல் மணிநேரம் யார் தலையில் விழும் என்பதையும் பார்க்கவேண்டும். பால்வாடி டீச்சரும் ஒரு தாய். அவர் பெறுவதைச் சம்பளம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்றே நடுவண் அரசு சொல்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2022 ஏப்ரலில்தான்.

2023 ஆகஸ்ட் முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. விடியலில் வயலுக்குப் போகும் தாயின் மூத்த பிள்ளை இப்போது பள்ளியில் சூடாகச் சாப்பிடுகிறது. இளையது, பால்வாடி திறக்கும் வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.