இலவங்கமும் சாதியும்: புதுச்சேரி வழிவந்த ஓர் ஓவியச் சான்று

சிலப்பதிகார உரையால் நாம் அறியும் ஐவகை வாசங்களுள் இலவங்கமும் சாதியும் அடங்கும். இவற்றின் பெயரும் பயனும் தமிழர்க்குப் பழையன. ஆயின், அம்மரங்களின் இலை யாது, பூ யாது என வினவின், நம் இலக்கியங்கள் விடை பகர்வதில்லை. மொலுக்கத் தீவுகளினின்று மரக்கலத்தில் உலர்ந்து வந்த பொருளையே நம் புலவர் கண்டனர், மரத்தைக் கண்டிலர்.

இக்குறை மேனாட்டார்க்கும் ஒருவாறு இருந்தது. அத்தீவுகளைத் தம் ஆட்சியில் வைத்திருந்த ஒல்லாந்தர், சாதிக்காயைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்தே விற்றனர். பிற நாட்டில் முளையாதிருத்தற்பொருட்டு என்பர். அக்காவலைக் கடக்க முயன்றவர் பியர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1745-இல் கடற்போரில் வலக்கையை இழந்த இவர், பத்தாவியாவில் தங்கி நறும்பொருள் வாணிகத்தின் இயல்பை அறிந்து, 1746-இல் துய்ப்ளே ஆண்ட புதுச்சேரிக்கு வந்தார். (புவாவ்ர் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் மிளகு என்றே பொருள். புதுச்சேரியில் அம்மொழி அறிந்த வணிகர் நகைத்திருப்பர் போலும்!)

1750-களில் அவர் மொரீசுத் தீவிற்குக் கொணர்ந்த சாதிக்காய்க் கன்றுகளை, ஆண்டிருந்த தாவரநூலார் ஃபூசே ஓப்லே போலி எனத் தள்ளினார். ரும்ஃபியசின் படங்கள் நிறைந்த அம்போனியத் தாவர நூல் 1741 முதல் அச்சேறியிருந்தும் வழக்குத் தீர்ந்திலது. 1770-இல் வந்த கன்றுகளைக் கொமர்சோன் என்னும் அறிஞர் ஆராய்ந்து மெய்யானவை என உறுதி கூறினார்.

புவாவ்ரின் உறவினரான பியர் சொன்னராவும் நறும்பொருட் கன்று தேடிய கலத்தில் சென்றவரே. 1776-இல் பாரிசில் வெளிவந்த அவர்தம் 'புதிய கினியப் பயணம்' 120 படங்களை உடையது. சாதிக்காயும் கிராம்பும் அவற்றுள் உள்ளன. அவர் சென்றது கெபெத் தீவு வரையே. புதிய கினியில் அவர் கால் வைத்திலர். அந்நாட்டுக்குரியனவல்லாத பெங்குவின் பறவைகளையும் அந்நூலிற் சேர்த்தார். எனவே படங்கள் அனைத்தும் பொய் எனத் தள்ளுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் கருத்து. நூலின் தலைப்புப் பொய்த்தமையால் செடியின் வடிவு பொய்த்துவிடாது. படத்தைச் செடியோடு ஒப்பிட்டுத் தனித்தனியே தேர்தல் வேண்டும். கிளை, பூ, பிளந்த காய், விதை எனப் பகுத்துக் காட்டும் அக்கால ஓவிய மரபு அத்தேர்வுக்குத் துணை செய்யும்.

தமிழ் கற்பார்க்கு இதனால் ஆம் பயன் சிறிதன்று. கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. கடைத்தெருவில் இலவங்கப்பட்டை எனப்படுவதோ வேறொரு மரத்தின் பட்டை. பெயரொப்புமை கருதிப் பாட்டில் வரும் இலவங்கத்திற்குப் பட்டை எனப் பொருளுரைத்தலைக் காண்கின்றோம். வகுப்பில் யாமும் அங்ஙனம் உரைத்ததுண்டு. வடமொழியில் லவங்கம் கிராம்பையே குறிக்கும். மணப்பொருள் வரிசையில் வருமிடத்துக் கிராம்பு எனக் கொள்ளலே நேரிது. மொட்டும் கிளையும் ஒருங்கே காட்டும் படத்தை ஒருமுறை கண்டவர் இவ்விரண்டையும் மயங்கார்.

சொன்னரா பின்னர் இந்தியா போந்து, 1782-இல் 140 படங்களோடு தம் இந்தியப் பயண நூலை வெளியிட்டார். அலையாத்திக் காட்டு மரவினம் ஒன்று இன்றும் அவர் பெயர் தாங்குகின்றது. 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது சிறைப்பட்ட அவர், 1813-இலேயே விடுதலை பெற்று, மறு ஆண்டு பாரிசில் இறந்தார்.