மக்கத்துச் செடி, நெல்லை இலை

கிழக்கிலங்கையின் இறக்காமம், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கங்களில் ஹஜ்ஜும் உம்ராவும் முடித்து வருபவர்களின் பெட்டியில் ஜம்ஜம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் காய்ந்த இலைப்பொதி ஒன்றும் வந்து சேர்வதுண்டு. அதுதான் சனா மக்கி. வெளிறிய பச்சை நிறத்தில், நுனி கூர்ந்த சிற்றிலைகள். மலச்சிக்கலுக்கு வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் பழைய மருந்து. அரபு நாட்டின் வறண்ட ஓடைப் படுகைகளில் யாரும் விதைக்காமல் முளைத்து, மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. இவ்வளவு தூரம் பயணப்பட்டு வரும் இந்த இலையை இரண்டு நூற்றாண்டுக் காலமாகப் பயிரிட்டுக் கப்பலேற்றி வரும் நிலம், மன்னார் வளைகுடாவின் மறுகரையிலேயே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் மானாவாரிக் காடுகள்தான் அவை.

இஸ்லாமிய மரபில் சனாவுக்குத் தனி மதிப்பு உண்டு. அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்கள் கடுமையான வேறொரு பேதி மருந்தைப் பயன்படுத்தி வந்ததாகவும், பிறகு சனாவுக்கு மாறியபோது நபி (ஸல்) அவர்கள் அதைப் பெரிதும் சிறப்பித்துச் சொன்னதாகவும் திர்மிதீ தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அரபு மருத்துவர்கள் இலையின் குணத்தை நூல்களில் எழுதிவைத்தார்கள். அந்த நூல்கள் லத்தீனுக்குப் போனபோது இலையும் ஐரோப்பாவின் மருந்துக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பல நூற்றாண்டுகள் கோலோச்சியது அலெக்சாந்திரிய சனா. நூபியா, சூடான் பாலைகளில் தானாக வளர்ந்த செடிகளை மக்கள் கிளையோடு வெட்டி வெயிலில் காயவைத்தார்கள். பிறகு ஒட்டகத்திலும் நைல் நதிப் படகிலும் ஏற்றி அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். காய்ந்த கிளையை அடித்து இலையை உதிர்த்ததால் பாதிக்கு மேல் நொறுங்கிப் போகும். குச்சியும் மண்ணும் கலந்திருக்கும். போதாததற்கு அர்கல் என்ற வேறொரு பாலைச் செடியின் இலையும் அதில் கலக்கப்பட்டு வந்தது. அரபுக் கரையின் இலையோ மொக்கா வழியே பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து மேற்கே போனது. அதிலும் பழுத்ததும் பழுப்பேறியதும் கலந்தே இருந்தன.

இந்தக் கதை 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் திருநெல்வேலியில் திரும்பியது. பாளையங்கோட்டை வட்டாரத்தில் தொழில் நடத்திய ஹியூஸ் என்ற ஆங்கிலேய வணிகர், அரபு நாட்டுச் சனாவைத் தோட்டப் பயிராக வளர்க்க முனைந்தார். மழை குறைந்த, வெயில் மிகுந்த, தண்ணீர் தேங்காத நிலம் செடிக்குப் பிடித்துப்போயிற்று. லண்டனுக்குப் போன இலையைப் பார்த்த மருந்தியல் அறிஞர்கள் அதன் தூய்மையைப் பாராட்டினார்கள். ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் 1874இல் வெளியிட்ட மருந்தியல் வரலாற்று நூலில் திருநெல்வேலிச் சனாவுக்கும் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் அதிகாரபூர்வ மருந்து நூல் அலெக்சாந்திரிய இலையையும் இந்திய இலையையும் தனித்தனி மருந்துகளாகவே பட்டியலிட்டிருந்தது.

ஹியூஸின் பெயரை நூல்கள் காத்து வைத்திருக்கின்றன. ஆனால் நெல்லை இலை பெற்ற மதிப்பு கைப்பறிப்பில் பிறந்தது. இங்கே கிளையை வெட்டி அடிப்பதில்லை. முற்றிய இலையை மட்டும் பார்த்து விரலால் உருவுகிறார்கள். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, பச்சை மங்காமல் காயவைக்கிறார்கள். அதனால்தான் இலை முழுசாக இருக்கிறது. பிறகு அழுத்திப் பொதியாகக் கட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று பதிந்து மெல்லிய கோடுகள் விழுகின்றன. மருந்தியல் மாணவர்கள் நெல்லை இலையை அடையாளம் காண இன்றும் இந்தக் கோடுகளைத்தான் பார்க்கிறார்கள்.

தூத்துக்குடி, விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் இதை அவுரி என்பார்கள். நீலச் சாயம் தரும் அவுரி வேறு. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்டால் இந்த இலை கிடைக்கும். விதையின் தோல் கடினமானது என்பதால் இரவு முழுக்க ஊறவைத்து விதைப்பார்கள். இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு. அடுத்தடுத்து ஒரு மாத இடைவெளியில் இரண்டாவதும் மூன்றாவதும். பல ஆண்டுகள் வாழக்கூடிய செடிதான் என்றாலும், இங்கே அதை ஒரு பருவப் பயிராகவே நடத்துகிறார்கள்.

இந்தப் பயிரில் பூவுக்கு முதலிடம் கிடையாது. செடி பூத்துக் காய்க்கத் தொடங்கினால் அதன் வலு இலையை விட்டுப் போய்விடும். ஆகவே முதலில் வரும் பூந்தண்டுகளைக் கிள்ளிவிடுவார்கள். பக்கக் கிளைகள் வெடித்து இலை பெருகும். கடைசியில் மட்டும் பூக்கவிட்டுக் காயையும் பறிப்பார்கள், அதற்கும் சந்தை உண்டு. குஜராத்தின் ஆனந்த் நகரிலிருந்து வந்த ஏ.எல்.எஃப்.டி. 2 ரகம் இதே நோக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் சிறப்பே தாமதமாகப் பூப்பதுதான். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் கே.கே.எம். 1 என்ற ரகத்தைத் தந்திருக்கிறது.

இலையின் ஆற்றல் எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை 1941இல் சுவிட்சர்லாந்தில் கிடைத்தது. பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் சென்னோசைடு என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது இரைப்பையையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகுதான் வேலை செய்கிறது. இரவில் குடித்தால் விடியலில் பலன் தெரிவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சனா இருக்கிறது. ஆனாலும் நாள்கணக்கில் தொடர்ந்து குடிப்பது உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். வைத்தியரைக் கேட்காமல் நீண்ட காலம் எடுக்கக் கூடாது.

இறக்காமத்தின் வயலில் இந்தச் செடிக்கு வழி இல்லை. குளத்து நீரை நம்பிய நெற்பூமி அது. பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழை கொட்டி வரம்புக்கு வரம்பு தண்ணீர் நிற்கும்போது சனாவின் வேர் அழுகிவிடும். சனாவின் நெருங்கிய உறவான ஆவாரைதான் இலங்கையின் உலர் வலயத்து மேட்டுப் பற்றைகளுக்கும் கரையோரத்துக்கும் உரிய செடி. அதன் பூவைக் காயவைத்துத் தேநீராகக் குடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் பரவலாக உண்டு. மேட்டு நிலம் உள்ள வீடுகளில் அதையாவது வெட்டி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சனா மறுபடி பாலைக்குத் திரும்பியது, இம்முறை பயிராக. ராஜஸ்தானின் ஜோத்பூர் பக்கத்தில் சோனாமுகி என்ற பெயரில் மணல் நிலங்களில் விரிந்து கிடக்கிறது. ஆடும் மாடும் அதைக் கடிப்பதில்லை என்பதால் வேலி தேவையில்லை. ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் பறிக்கலாம். கூலி கொடுத்து ஒவ்வோர் இலையாக உருவும் நெல்லை விவசாயிக்கு இது கடும் போட்டி. அந்த இடத்தில் அவருக்குத் துணை நிற்பது முன்பு லண்டனில் பெயர் வாங்கித் தந்த அதே பொருள்தான்: முறியாத, பச்சை மாறாத, கலப்பில்லாத இலை.