உப்பு ஜாடியும் ஆறு பென்னிப் பாட்டும்

அறைக்கு இவ்வளவு, சமைத்துப் போட்டதற்கு இவ்வளவு என்று பில்லில் எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் உப்பு, மிளகு ஜாடியைத் தொட்டதற்கும் ஒரு தொகை போட்டிருக்கும். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில், பிளாக்பூலில் விடுதி நடத்திய வீட்டுக்காரம்மாக்களை நாடே கேலி பேசுவதற்கு அந்த ஜாடி ஒன்றே போதுமாக இருந்தது.

1846இல் ரயில் வந்தபின் பிளாக்பூல் மெல்ல லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களின் கடற்கரையானது. ஒவ்வொரு ஆலை நகரமும் கோடையில் சில நாள் மொத்தமாகக் கதவடைக்கும். பின்னாளில் அது ஒரு வாரமானது. 'வேக்ஸ் வாரம்' என்பார்கள். ஓல்டாமில் ஆலை மூடினால் பாதி ஊர் பிளாக்பூலில் இருக்கும். ஒரே தெருக்காரர்கள் வருஷா வருஷம் ஒரே வீட்டில் போய் இறங்குவார்கள். அந்தக் காலத்தில் ரொட்டி, இறைச்சி, தேயிலை எல்லாம் விருந்தாளியே வாங்கித் தரவேண்டும். சமையல் மட்டும் வீட்டுக்காரம்மா பொறுப்பு. அப்படிப் பார்த்தால் உப்புக்குக் காசு கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பல வீடுகளின் முன்னறையில் பியானோ இருந்தது. ராத்திரியானால் கச்சேரி. பாடகர்கள் தறிக்காரர்களும் நூல் நூற்பவர்களும்தான்.

இவர்களுக்கு சங்கீதம் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற பாதிரியார் 'டானிக் சோல்ஃபா' முறையை ஊர் ஊராகப் பரப்பினார். ஐந்து கோடுகளும் புள்ளிகளும் வேண்டாம். ஸ்வரங்களின் முதலெழுத்துகள் போதும். நம் ஷட்ஜம் போலவே அதில் 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும். ஸரிகம எழுதிப் பாடிப் பழகிய நமக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று சொல்லத் தேவையில்லை. தேவாலயங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் அதைக் கற்றவர்கள் சேர்ந்திசைக் குழுக்கள் அமைத்தார்கள். பக்கத்துக் கடற்கரை ஊரான மோர்காமில் இந்த அமெச்சூர் குழுக்களுக்குப் போட்டி விழாவே நடந்தது. 1903இல் அங்கே வந்து கேட்ட இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கார், பிரிட்டனின் இசை உயிரோடிருப்பது லண்டனில் இல்லை, அதற்கு வடக்கே எங்கேயோதான் என்று கடிதம் எழுதினார். தலைநகரத்து வித்வான்களுக்கு அது உறைத்திருக்கும்.

பாட்டு வியாபாரிகளுக்கும் இந்தக் கூட்டத்தின் அருமை தெரிந்திருந்தது. ஃபெல்ட்மன், லாரன்ஸ் ரைட் போன்ற பதிப்பாளர்கள் பிளாக்பூலில் பாட்டுக் கடைகள் திறந்தார்கள். உள்ளே ஒருவர் பியானோ வாசிப்பார், ஒருவர் பாடுவார், கூட்டமும் சேர்ந்து பாடும். மெட்டு வாயில் ஒட்டிக்கொண்டதும் ஆறு பென்னி கொடுத்துப் பாட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போவார்கள். 1934இல் வந்த 'சிங் ஆஸ் வி கோ' படத்தில், வேலை போன ஆலைப் பெண்ணாக பிளாக்பூலுக்கு வரும் பாடகி கிரேஸி ஃபீல்ட்ஸ், விடுதியிலும் வேலை பார்ப்பார், பாட்டும் விற்பார்.

பிறகு ரேடியோ, டிவி, ஸ்பெயினுக்கு மலிவு விமானப் பயணம். வேக்ஸ் வாரம் போயிற்று, ஆலைகளும் போயின.

ஆனால் பாட்டு முழுசாகப் போய்விடவில்லை. 1961இல் லங்காஷயரின் செல்லப் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பி இறந்ததும், அவருடைய ரசிகர்கள் பிளாக்பூலில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாஞ்சோவும் யுகுலேலேயும் கலந்த அவருடைய குட்டி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் அங்கே மேடை ஏறலாம். 1991இல் அப்படி ஏறி ஃபார்ம்பி பாட்டு ஒன்றைப் பாடியவர்களில் ஒருவர், பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன்.