பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு யார் சம்பளம் கொடுத்தது?

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு வயது 81. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். நாளைக்கு மகாமகமாம். ஊரிலிருந்து எல்லாரும் வருகிறார்களாம், ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வர வேண்டுமாம். போன மகாமகம் 2016இல், அடுத்தது 2028இல். இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "காபி குடிச்சிட்டுப் போலாம் அத்தை" என்று அண்ணி உள்ளே கூட்டிப் போவார். பத்து நிமிஷத்தில் மறுபடி வாசல்.

டாக்டர் சொன்ன பெயர் டிமென்ஷியா. நம்ம பேச்சில் மறதிநோய். மாத்திரைச் செலவு பெரிதில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும், அதுதான் செலவு. அத்தைக்குக் குழந்தைகள் இல்லை. மூன்று வருஷமாக அந்த ஆள் அண்ணிதான். நான் பெங்களூரில் உட்கார்ந்து மருந்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன், பெரிய உதவி செய்வதாக நினைத்து.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னார்: "தம்பி, நான் எங்கம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகுது." அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வழக்கம்போலக் கல்வெட்டுக் குறிப்புகளைப் புரட்ட ஆரம்பித்தேன். மனதில் ஒரே கேள்வி. நம்ம பக்கத்தில் நோயாளியோடு இருக்கும் ஆளுக்கு முன்பெல்லாம் யார் சம்பளம் கொடுத்தார்கள்?

நெல்லாகக் கொடுத்த சம்பளம்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் பாபநாசம். அதன் பக்கத்தில் உள்ள தேவராயன்பேட்டைக் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. ராஜராஜனின் அக்கா குந்தவை, தஞ்சாவூரில் இருந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலையின் வைத்தியருக்காக நிலம் கொடுத்ததை அவை சொல்கின்றன. ஆதுலர் என்றால் நோயாளிகள், ஆதுலர் சாலை என்றால் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி.

இன்னும் விவரமான கணக்கு வேண்டுமென்றால் காஞ்சிபுரம் பக்கம், பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற ஆதுலர் சாலைக்கு 15 படுக்கைகள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அதோடு பட்டியல் முடியவில்லை. அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருபவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பங்கு எழுதியிருக்கிறார்கள். ராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய் கூடக் கணக்கில் உண்டு.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சாலை ஊர் மக்கள் எல்லாருக்குமானது இல்லை. கோயில் பணியாளர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும்தான். மறதிநோய் பற்றியும் அதில் பேச்சில்லை. நான் கவனித்தது வேறு. நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும் மட்டும் போதாது, கூட இருந்து பார்க்கும் கைகளும் வேண்டும், அந்தக் கைகளுக்கும் சம்பளம் வேண்டும் என்று கணக்கு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

தஞ்சை மராத்தியர் காலத்திலும் இந்த எண்ணம் தொடர்ந்திருக்கிறது. இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தன் சத்திரங்களைப் பற்றி விவரிக்கிறார். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு மட்டும் இல்லை. நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியர் உண்டு, குணமாகும்வரை வைத்துப் பார்ப்பதும் உண்டு. அடுத்த ஆண்டு ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முத்தம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது.

ஒரு குமாஸ்தாவின் கஷ்டம்

இதெல்லாம் ஆறிவிடும் நோய்களுக்கு. குணமாகாத மறதிக்கு? அந்த நோய்க்குப் பெயர் வந்த கதையிலேயே பணப் பிரச்சினை இருக்கிறது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அகஸ்டே டீட்டர். வயது 51. கணவர் ரயில்வே குமாஸ்தா. செலவு தாங்காமல், மனைவியை மலிவான இடத்துக்கு மாற்றப் பார்த்தார். அங்கேயே வைத்திருக்க ஏற்பாடு செய்தவர் அவரைக் கவனித்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்து அதே வருஷம் அல்சைமர் அளித்த அறிக்கைதான் நோய்க்கு அவர் பெயரையே வாங்கிக் கொடுத்தது. மருத்துவ வரலாற்றில் டாக்டரின் பெயர் நிற்கிறது. பணம் கட்ட முடியாமல் அலைந்த குமாஸ்தாவை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அவர்தான் சொந்தக்காரர் மாதிரி தெரிகிறார்.

நம்ம பக்கத்தில் புத்தி பேதலித்தவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். கும்பகோணம் பக்கத்தில் திருவிடைமருதூர், திருச்சி பக்கத்தில் குணசீலம். குணசீலத்தில் 48 நாள் தங்குவது வழக்கம். அங்கேயும் கூடத் தங்க வீட்டு மனுஷர் ஒருவர் வேண்டும். கூட யாரும் இல்லாமல் விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பல குடும்பங்கள் பணம் கட்டி விட்டுப் போனவர்கள் அவர்கள். பணம் கட்டினால் மட்டும் போதும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடி ஞாபகம் வரும்.

இன்றைய கணக்கு

இந்தியாவில் மறதிநோய்க்கென்று அமைப்பு வந்தது ரொம்பத் தாமதம். அல்சைமர் சங்கம் 1992இல் கேரளாவில் தொடங்கியது. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியாவுக்குத் தனிப் பிரிவு நடத்துகிறது. 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா.

சரி, பணத்துக்கு வழி? நான் தேடியதில் கிடைத்தவை இவை.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 5 லட்ச ரூபாய் காப்பீடு, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான். வீட்டில் பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு இல்லை. பழைய வருமான வரி முறையில் டிமென்ஷியா சிகிச்சைக்குக் கழிவு உண்டு. ஆனால் துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டும்தான் அதில் வருவார்கள். அத்தை வரமாட்டார்.

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் அத்தைக்கு இடம் உண்டு. பிள்ளை இல்லாதவரின் சொத்தை அனுபவிக்கும், அல்லது பின்னால் அடையப்போகும் வசதியுள்ள உறவினர் அவரைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. அதாவது நாங்கள்தான்.

"வீட்டை யார் பேருக்காவது எழுதிட்டா அவங்க பாத்துக்குவாங்க" என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். டெல்டாவில் இது பழைய வழக்கம். ஆனால் எழுதிக் கொடுப்பது என்னவென்று புரியாத நிலையில் உள்ளவரின் கையெழுத்து செல்லாது. முன்பே பவர் வாங்கியிருந்தாலும், கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்தால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் முடிந்துவிடும். அதன்பின் பலரும் போகிற வழி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பாதுகாவலர் நியமனம் வாங்குவது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அத்தைக்குத் தெரியாமல் அத்தை வீட்டைத் தொட எங்களுக்கு மனசு வரவில்லை.

வெளியூரில் ஒரு காப்பகத்தையும் விசாரித்தோம். மாதம் 45,000 ரூபாய், முன்பணம் தனி. சுத்தமான இடம்தான். ஆனால் நாலு மணிக்கு அத்தை புடவை மாற்றிக்கொண்டு எந்த வாசலுக்குப் போவார்?

கடைசியில் அண்ணன், நான், சித்தப்பா பையன் மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை ஒரு அம்மா வருவார், சம்பளம் மூவர் பங்கு. மாதம் ஐந்து நாள் அண்ணிக்கு லீவு. அந்த நாட்களில் நாங்கள் முறை வைத்து வந்து இருக்க வேண்டும். அண்ணிக்கும் மாதம் ஒரு தொகை.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தையைப் பாத்துக்கறதுக்கு எனக்குக் காசா தம்பி?" என்று கேட்டார். திருமுக்கூடல் கதையைச் சொன்னேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கவனிக்கும் பெண்களுக்குக் கல்லில் சம்பளம் எழுதியிருக்கிறார்கள், நாம்தான் எழுதாமலே வாங்கிக்கொண்டிருந்தோம் என்றேன். பதில் சொல்லவில்லை. தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

போன மாதம் என் முறை. நாலு மணிக்கு அத்தை வாசலுக்கு வந்தார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே மகாமகக் குளம் வரை நடந்தேன். கூட்டம் இல்லையே என்றார். நாளைக்குத்தான் அத்தை என்றேன். அண்ணி அன்று அவங்க அம்மா வீட்டில் இருந்தார்.